146,679: ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாக் கணியங்கள்

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் ஓர் ஆவணத்தைக் கையளித்தார். அதில் ஒரு கழித்தல் கணக்கு இருந்தது. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் பதிவின்படி, இலங்கையின் வடக்கே வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் முடிந்த பின், 2009 ஜூலை 10ஆம் திகதிய ஐ.நா. தகவலின்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று ஆயர் கேட்டார்.

கவனிக்க வேண்டும்: அவர் கேட்டது கேள்வி. அந்த எண் பிறகு பதாகைகளில் ஏறியது, மே 18 நினைவேந்தல் உரைகளில் ஏறியது, ‘கொல்லப்பட்ட 146,679 பேர்’ என்று முடிந்த விடையாகவே பலர் வாயில் நிலைத்தது. மறுபக்கத்தில் அதே எண்ணைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பது என் எண்ணம். 146,679 விடையல்ல. அது ஒரு சமன்பாட்டின் வலக்கைப் பக்கம்.

சமன்பாட்டை எழுதிப் பார்ப்போம். இறந்தவர்களின் தொகை x. இறக்காமலே அந்த 282,380 இல் சேராமல் போனவர்களின் தொகை y. அப்படியானால்

x + y = 146,679

இந்த y ஒரே வகை ஆட்களைக் கொண்டதல்ல. கணக்கெடுப்புக்கு முன்னரே கடல்வழி இந்தியாவுக்குத் தப்பியவர்கள் அதில் இருக்கலாம். முகாம் எண்ணிக்கையில் சேர்க்கப்படாமல் தடுப்பில் வைக்கப்பட்டவர்கள் இருக்கலாம். கச்சேரிப் பதிவில் இரண்டு இடங்களில் எழுதப்பட்ட ஒரே குடும்பம் இருக்கலாம். வன்னியில் 2008இல் இடம்பெயர்வு ஒருமுறையோடு முடிந்ததல்ல. மடுவிலிருந்து மல்லாவிக்கு, அங்கிருந்து கிளிநொச்சிக்கு, பிறகு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று மக்கள் நகர்ந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் நிவாரணத்துக்குப் பதிய வேண்டும். அப்படியான பதிவில் எவ்வளவு மிகை, எவ்வளவு குறை என்பதும் y இன் வயிற்றுக்குள்தான் கிடக்கிறது.

இரண்டு தெரியாக் கணியங்கள், ஒரு சமன்பாடு. பத்தாம் தரத்து மாணவனுக்கும் தெரியும், இதைத் தீர்க்க முடியாது என்று. சரியாகச் சொன்னால், தீர்வு இல்லாமல் இல்லை. தீர்வுகள் மிக அதிகம். வரைபுத்தாளில் x ஐக் கிடையாகவும் y ஐ நிலைக்குத்தாகவும் எடுத்தால், இந்தச் சமன்பாடு இரண்டு அச்சுகளையும் 146,679 இல் வெட்டும் ஒரு நேர்கோடு. கோட்டின் மேல் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சமன்பாட்டைத் திருப்தி செய்யும். மனிதரை முழு எண்ணாகத்தான் எண்ண முடியும், எண்ணிக்கை எதிர்மறையாகவும் முடியாது என்ற இரண்டு நிபந்தனைகளைப் போட்டாலும் எஞ்சும் சோடிகள் 146,680. (0, 146,679) என்பது ஒன்று. (146,679, 0) என்பது இன்னொன்று. நடுவில் உள்ளவை எல்லாமே, இந்த ஒரு சமன்பாட்டின் கண்ணில், சம உரிமை உடையவை.

முழு எண் நிபந்தனை சில கணக்குகளில் பெரிய உதவி. கி.பி. 499இல் ஆரியபடர் எழுதிய குட்டக முறை அந்த உதவியை வைத்துத்தான், ஒரே சமன்பாட்டிலிருந்து இரண்டு முழு எண்களைப் பிடிக்கும் வழியைக் காட்டியது. குணகங்கள் பெரிதாகவும் எல்லைகள் சிறிதாகவும் இருந்தால் அது வேலை செய்யும். இங்கே இரண்டு குணகமும் ஒன்று. எல்லையோ ஒரு நகரத்தின் மக்கள்தொகை அளவு. குட்டகத்தால் பயனில்லை.

கோட்டை வெட்டிச் சுருக்கலாம். இலங்கையிலிருந்த ஐ.நா. அலுவலகம் 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை தான் தொகுத்த கணக்கில் 7,721 பேர் கொல்லப்பட்டதாகவும் 18,479 பேர் காயமடைந்ததாகவும் பதிவு செய்தது. காலவரம்பு ஆயரின் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்தவில்லை என்றாலும், x சுழியம் என்ற பேச்சுக்கு இடமில்லை என்பதற்கு இது போதும். எனவே கோட்டின் ஒரு முனை போய்விட்டது. ஆனால் முனையை வெட்டுவது சமனிலி. சமனிலி எல்லையைத் தரும், புள்ளியைத் தராது. புள்ளிக்கு இன்னொரு கோடு வேண்டும்.

சீனத்தின் பழைய கணித நூலான சுன்ட்சியின் நூலில் ஒரு கணக்கு உண்டு. ஒரு கூட்டில் காட்டுக்கோழிகளும் முயல்களும். தலைகள் 35, கால்கள் 94. எத்தனை கோழி, எத்தனை முயல்? தலைகளை மட்டும் சொன்னால் 36 விடைகள். கால்களைச் சொன்னதும் ஒன்றே ஒன்று. நூல் சொல்லும் வழி அழகானது: கால்களைப் பாதியாக்கு, 47. இப்போது கோழிக்கு ஒரு கால், முயலுக்கு இரண்டு. இதிலிருந்து தலைகளைக் கழி, 12. அதுதான் முயல். கோழி 23. நம் பள்ளிகளில் ஒருங்கமை சமன்பாடுகள் என்று படிப்பிக்கும் முழுப் பாடமும் இந்தக் கழித்தலுக்குள் இருக்கிறது: ஒரு கணியத்தின் குணகத்தை இரண்டு சமன்பாட்டிலும் ஒன்றாக்கி, கழித்து, அதை அகற்றிவிடுவது.

இந்தக் கணக்கு ஏன் தீர்கிறது? கால்களைப் பற்றிய கூற்று தலைகளைப் பற்றிய கூற்றிலிருந்து பிறக்கவில்லை. கோழிக்கும் முயலுக்கும் தலை ஒன்றுதான், கால் வேறு. அந்த வேறுபாடுதான் இரண்டாவது கோட்டுக்கு வேறு சாய்வைக் கொடுக்கிறது. ‘இதேபோன்ற இரண்டு கூடுகளில் தலைகள் 70’ என்று ஒருவர் கூடுதல் தகவல் தந்தால் நமக்கு எதுவும் கூடுவதில்லை. அது முதல் சமன்பாட்டை இரண்டால் பெருக்கியது. வரைந்தால் அதே கோட்டின் மேல் விழும். வன்னிக் கணக்கில் இது அடிக்கடி நடக்கிறது. 146,679 என்ற எண்ணை நூறு கட்டுரைகளும் இருபது அறிக்கைகளும் எடுத்துச் சொல்லியிருக்கின்றன என்பதால் அது நூற்றிருபது சான்றாகிவிடாது. எல்லாவற்றின் ஊற்றும் அதே இரண்டு எண்கள், அதே ஒரு கழித்தல்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: இரண்டு சமன்பாடுகள் ஒன்றையொன்று மறுப்பது. வரைபில் அவை சமாந்தரக் கோடுகள்; எவ்வளவு நீட்டினாலும் சந்திக்கா. 2009 தொடக்கத்தில் போர்ப் பகுதிக்குள் 70,000 பேர்தான் என்றது கொழும்பு. களத்தில் இருந்த முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபரின் மதிப்பீடு 330,000. ஏப்ரல் இறுதியில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சி.என்.என். தொலைக்காட்சியிடம் உள்ளே ஐயாயிரம், கூடினால் பத்தாயிரம் பேர் இருப்பார்கள் என்றார். களத்து அதிகாரியின் அதே நேரத்துக் கணக்கு 127,177. கணக்கு எழுதுவோர் இருவரும் ஒரே அரசின் சம்பளம் பெறுவோர். அப்படியிருந்தும் ஏப்ரலில் விடைகள் பத்து மடங்குக்கு மேல் விலகி நின்றன.

எந்தக் கோடு பிழை என்று கண்டுபிடிக்கப் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு: விடையைப் பிரதியிட்டுச் சரிபார்ப்பது. ஏப்ரல் இறுதிக்குப் பிறகு முள்ளிவாய்க்காலிலிருந்து, மே நடுப்பகுதியில் வட்டுவாகல் பாலம் கடந்து வந்தவர்கள் பல்லாயிரக்கணக்கானோர். உள்ளே பத்தாயிரம் பேர்தான் என்று பிரதியிட்டால், உள்ளே இருந்தவர்களைவிட வெளியே வந்தவர்கள் பல மடங்கு. எஞ்சியோர் எதிர்மறை எண்ணாக வருகிறார்கள். அந்தச் சமன்பாட்டை அங்கேயே மூடிவிடலாம்.

இந்த முரண்பாடு தாளில் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. உணவும் மருந்தும் தலைக்கணக்குக்கு நேர்விகிதசமமாக அனுப்பப்படுபவை. 70,000 பேருக்கென்று அளந்து அனுப்பியதை 330,000 பேர் பகிர்ந்தால் ஒருவருக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஒரு கிலோ அரிசி கிடைக்க வேண்டிய ஆளுக்கு 212 கிராம். இன்று மே மாதம் வந்தால் ஊரூராகக் காய்ச்சிக் கொடுக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சி, தேங்காய்ப்பால்கூட இல்லாமல் அரிசியும் உப்புமாய் இருப்பதன் பின்னணியில் இந்த வகுத்தலும் இருக்கிறது.

இனி, பலரும் இரண்டாவது சமன்பாட்டை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று பார்ப்போம். ஒரு சிறு உதாரணத்தில் தொடங்கினால் விளங்கும். 2009 பெப்ரவரி 10 முதல் மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைக் குழு புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயப்பட்டோர், நோயாளர், அவர்களுக்குத் துணையாக வந்தோர் என ஏறத்தாழ 14,000 பேரைக் கப்பலில் ஏற்றித் திருகோணமலை, புல்மோட்டைப் பக்கம் கொண்டுபோனது. நோயாளர் எத்தனை பேர்? காயப்பட்டோரையும் சேர்த்து நோயாளர் x, துணைக்கு வந்தோர் y என்றால், மறுபடியும் x + y = 14,000. ‘ஆளுக்கொரு துணை’ என்று எடுத்தால் y = x; நோயாளர் 7,000. ‘இரண்டு பேருக்கு ஒரு துணை’ என்றால் நோயாளர் 9,300க்கு மேல். கடதாசியில் எழுதப்பட்டது ஒரே சமன்பாடு. இரண்டாவதைக் கணக்குப் போடுபவர் தன் மனதிலிருந்து எடுத்துச் சேர்க்கிறார். வேறுபாடு முழுவதும் அங்கே இருந்து வருகிறது. ஆனால் அறிக்கையின் தலைப்பில் வருவது விடை மட்டும்.

வன்னியைப் பற்றிய பெரிய எண்களையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். ஒருவர் எந்த எண்ணைச் சொல்கிறார் என்று பார்ப்பதற்கு முன், அவருடைய இரண்டாவது சமன்பாடு எது என்று கேட்க வேண்டும்.

ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 மார்ச்சில் கையளித்த அறிக்கை, பொதுமக்கள் சாவு 40,000 வரை இருந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. அங்கே பேசப்பட்ட துணைச் சமன்பாடுகளில் ஒன்று விகிதம்: ஒரு சாவுக்கு இரண்டு அல்லது மூன்று காயம். மேலே சொன்ன ஐ.நா. அலுவலகப் பதிவிலும் 18,479 ஐ 7,721 ஆல் வகுத்தால் 2.4 வருகிறது. விகிதம் என்பது உண்மையில் நல்ல சமன்பாடு; காயம் = 2.4 × சாவு என்ற கோடு உற்பத்திப் புள்ளி வழியே போகும், சாவு + காயம் = மொத்தம் என்ற கோட்டை ஓரிடத்தில் வெட்டும். ஆனால் மருத்துவமனை இயங்கும் பெப்ரவரியின் விகிதத்தை, மருந்தும் கட்டுத்துணியும் இல்லாத மே மாதத்துக்குப் பொருத்தலாமா? காயப்பட்டவர் அங்கே காயப்பட்டவராகவே எஞ்சவில்லை. சாய்வு வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்த கோடு அது.

2012 நவம்பரில் வந்த ஐ.நா. உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000க்கு மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்ற நம்பகமான தகவலைக் குறிப்பிட்டது. இலங்கைத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமோ 2011இல் வடக்கில் வீடுவீடாக விசாரித்து, இறுதிக்கட்டத்தில் இறந்தோர் சுமார் 9,000 என்று வெளியிட்டது. அதன் இரண்டாவது சமன்பாடு எது? இறந்தவரைப் பற்றிச் சொல்ல ஒருவர் உயிரோடு இருக்கிறார். அவர் வடக்கிலேயே இருக்கிறார். அரச அலுவலரிடம் சொல்லவும் துணிகிறார். ஒரு பதுங்குகுழிக்குள் முழுக் குடும்பமும் முடிந்திருந்தால் கதவைத் திறந்து பதில் சொல்ல எவரும் இல்லை. சென்னையிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மகளிடம் எவரும் படிவம் நீட்டவில்லை. வீடுவீடாகப் போனார்கள் என்பதற்காக நான் அந்தக் கணக்கைக் கேலி செய்யமாட்டேன். கீழ் எல்லை என்று எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு. மொத்தம் என்று எழுதினால் இல்லை.

இன்னொரு சிக்கலையும் மறைக்கக் கூடாது. x தனியொரு கணியமல்ல. இறந்த பொதுமக்கள் c, இறந்த போராளிகள் f; x = c + f. தெரியாக் கணியம் மூன்றாகிவிட்டது. மக்களை வெளியேறவிடாமல் புலிகள் தடுத்ததையும், வீட்டுக்கு வீடு பிள்ளைகளைக் கட்டாயமாகச் சேர்த்ததையும், பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்துக்குள்ளேயே படையினர் எறிகணை வீசியதையும் அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. இரண்டு கிழமைக்கு முன் இழுத்துச் செல்லப்பட்டு, பயிற்சி முடியாமல் செத்த பதினாறு வயதுப் பிள்ளையை c இல் எழுதுவதா, f இல் எழுதுவதா? இதைத் தீர்க்கிற சமன்பாடு எண்கணிதத்தில் இல்லை. சட்டம் வரைவிலக்கணத்தைக் கொடுத்த பிறகுதான் எண்ணவே தொடங்கலாம்.

கழித்தலின் குணம் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு பெரிய எண்களின் வித்தியாசத்தை எடுக்கும்போது பிழை பெருகும். 429,059 இல் 5 வீதம் மிகை என்று வையுங்கள். அது 21,453 பேர். மீதியான 146,679 இல் அது 14.6 வீதம். அரசாங்கப் பதிவு ஒன்று 5 வீதம் பிசகுவது சமாதான காலத்திலேயே நடக்கக்கூடியது. இதனால் ஆயரின் கேள்வி பலவீனப்படவில்லை. 5 வீதம் என்ன, 10 வீதம் மிகை என்று வைத்தாலும் ஒரு இலட்சத்துக்கு மேல் எஞ்சுகிறது. கேள்வி உறுதியாக நிற்கிறது. முதல் இலக்கத்துக்குப் பின் வரும் இலக்கங்கள்தான் ஆடுகின்றன. 146,679 என்று கடைசி இலக்கம்வரை உச்சரிப்பது அஞ்சலிக்குப் பொருந்தும், அளவீட்டுக்குப் பொருந்தாது.

அப்படியென்றால் x ஐ அறியவே முடியாதா? மொத்தங்களைக் கழிப்பதை விட்டுப் பெயர்களை எண்ணத் தொடங்கினால் வேறு கதவு திறக்கிறது. 1890களில் டென்மார்க்கின் பீற்றர்சன் மீன்களுக்கு அடையாளமிட்டு நீருக்குள் விட்டு ஆராய்ந்ததிலிருந்து வளர்ந்த முறை இது. இன்று மனித உரிமைப் புள்ளிவிபரவியலாளர் பயன்படுத்துகிறார்கள். வேறு வேறு ஆட்கள், ஒருவரையொருவர் பார்க்காமல், காணாமற்போனோர் பெயர்ப்பட்டியல் இரண்டைத் தயாரிக்கிறார்கள் என்று கொள்வோம். முதலாவதில் 60 பெயர். இரண்டாவதில் 40. இரண்டிலும் உள்ள பெயர்கள் 24. உண்மையான மொத்தம் N தெரியாது. ஒருவர் முதலாம் பட்டியலில் அகப்படும் நிகழ்தகவு p தெரியாது; இரண்டாவதில் அகப்படும் நிகழ்தகவு q வும் தெரியாது. மூன்று தெரியாக் கணியங்கள். ஆனால் சமன்பாடும் மூன்று: Np = 60, Nq = 40, Npq = 24. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் p யும் q வும் போய்விடும். N = 60 × 40 ÷ 24 = 100. பட்டியல்களில் உள்ள தனிப்பெயர்கள் 76 மட்டுமே. எவரும் பதியாத 24 பேர் இருக்கிறார்கள் என்று, பதிந்த பெயர்களின் மேற்படிவு சொல்கிறது.

இவை ஏகபரிமாணச் சமன்பாடுகள் அல்லவே என்று கேட்கலாம். இரு பக்கமும் மடக்கை எடுங்கள்: பெருக்கல் எல்லாம் கூட்டலாகிவிடும். மட N + மட p = மட 60 என்று வரும். பிறகு அகற்றுவது, கோழி-முயல் கணக்கில் அகற்றிய அதே வழிதான்.

முறையின் உயிர் ‘ஒருவரையொருவர் பார்க்காமல்’ என்ற சொற்களில் இருக்கிறது. ஒரு பட்டியலைப் பார்த்து மற்றதை எழுதினால் மேற்படிவு செயற்கையாகக் கூடி N சுருங்கும். இரண்டுமே தொட முடியாத ஒரு கூட்டம் இருந்தால் அதுவும் விடையில் வராது. முழுதாக அழிந்த குடும்பம் இங்கேயும் தொல்லை தருகிறது. அதனால் மூன்று, நான்கு பட்டியல்களை வைத்து, அவற்றுக்கிடையிலான சார்பையும் சேர்த்துத் தீர்ப்பார்கள். பெருவின் உண்மை ஆணைக்குழு 2003இல் இந்த வழியால் 69,280 என்ற மதிப்பீட்டுக்கு வந்தது. பெயரோடு ஆவணப்படுத்தியவர்கள் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

நமக்கும் இது புதிதல்ல. உண்மைக்கும் நீதிக்குமான சர்வதேசச் செயற்றிட்டமும் மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் சேர்ந்து 2018 டிசம்பரில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டன. கேள்வியை வேண்டுமென்றே ஒடுக்கி எடுத்தார்கள்: 2009 மே 17, 18, 19 ஆகிய மூன்று நாட்களில், படையினரிடம் சரணடைந்து காணாமற்போனவர்கள் எத்தனை பேர்? பட்டியல்களை ஒப்பிட்டு அவர்கள் வந்தடைந்த மதிப்பீடு சுமார் 500. பதாகையில் எழுதும் அளவுக்குப் பெரிய எண் அல்ல. ஆனால் இந்த விவகாரத்தில் நான் பார்த்த எண்களில், இரண்டாவது சமன்பாட்டை மறைக்காமல் மேசைமேல் வைத்துத் தீர்த்தது இதுதான்.

இதே வேலையைக் கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் செய்ய முடியும். முள்ளிவாய்க்கால் கிழக்கு, முள்ளிவாய்க்கால் மேற்கு என்று கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்தின் கீழ் பிரிவுகள் இருக்கின்றன. வன்னி முழுவதற்கும் இப்படி. குடும்பப் பதிவு, வாக்காளர் இடாப்பு, பாடசாலை வரவு இடாப்பு, தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடு, இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் பதிந்த பெயர்கள், புலம்பெயர்ந்த உறவினரிடம் உள்ள பெயர்கள்: ஒவ்வொன்றும் ஒரு கோடு, சாய்வு வேறு வேறு. ஒரே இராட்சதச் சமன்பாட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, ஊருக்கொரு சிறு தொகுதியாகத் தீர்த்துக் கூட்டினால் பிழையும் ஊருக்குள் அடங்கும். எந்த ஊரில் எந்தப் பட்டியல் பொய் சொல்கிறது என்பதும் தெரியும்.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைச் சந்தித்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இறுதிப் போரில் சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியல். முழுமையான பட்டியல் இதுவரை வெளியிடப்படவில்லை. அது வெளிவந்தால் y இன் ஒரு கூறு மதிப்பீடாக இல்லாமல் எண்ணிக்கையாகவே கிடைக்கும். வலக்கைப் பக்கத்திலிருந்து அதைக் கழித்துவிட்டு அடுத்த வரியை எழுதலாம்.